ரிவர்ஸ் இல்லாத வண்டி

இரண்டு இன்ஜின்களும் சாக்கு விரித்த தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்று நான் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின். இரண்டு சிலிண்டர். முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு பெரிய பைக்கிலிருந்து கழற்றியது. மற்றது என் மச்சான் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்த பழைய சின்னக் காரின் இன்ஜின். மூன்று சிலிண்டர், கியர்பாக்ஸும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் இரண்டுக்கும் எதிரில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நோயாளியின் வாய்க்குள் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொல்லுப்பா. நம்ம வண்டிக்கு எது?” என்று கேட்டார்.

மச்சானிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

மயிலாப்பூரில் தெற்கு மாடவீதியிலிருந்து பிரிகிற ஒரு முட்டுச் சந்தில் அவர் வீடு. முன்னறையில் கிளினிக். மாடியில் அவர் மனைவி வீணை சொல்லிக்கொடுக்கிறார். அவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஏழடி அகலத்தில் நீளமாக ஒரு நடை உண்டு. அதன் மேல் தகரம் போட்டு, அதற்குள்தான் அந்த வண்டியைச் செய்தோம்.

எனக்கு மந்தைவெளியில் இரு சக்கர வண்டி ஷெட். பதினைந்து வருஷமாக டாக்டரின் ஸ்கூட்டரை நான்தான் பார்க்கிறேன். அவர் வாழ்நாளில் கார் வாங்கியதில்லை. சந்துக்குள் கார் வந்தால் திருப்ப முடியாது, மாடவீதியில் நிறுத்த இடம் கிடையாது. ஊருக்குப் போனால் ரயில், மற்றதற்கெல்லாம் ஸ்கூட்டர். எப்போதோ எடுத்த கார் லைசென்ஸை மட்டும் மறக்காமல் புதுப்பித்துக்கொண்டே வந்தார். அறுபது வயது முடிந்ததும் காலை நேரம் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பிறகு ஒரு நாள், அவர் ஸ்கூட்டரின் கார்புரேட்டரை நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குனிந்து, “உனக்கு வெல்டிங் வருமோல்லியோ?” என்றார். கூரை இல்லாமல், தரையோடு தாழ்ந்து, இரண்டே பேர் உட்காரும்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாடுகளில் வீட்டிலேயே செய்கிறார்களாம். செல்போனில் படம் காட்டினார். இங்கே அதைப் பதிவு செய்ய முடியாது, சாலையில் ஓட்டவும் முடியாது. குட்டி யானை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கிற்குப் போய், அங்கே நாலு சுற்று ஓட்டிவிட்டு வரலாம். அவ்வளவுதான் ஆசை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அது ஒரு குறையாக என் தொழிலில் இருந்ததில்லை. குறை வேறு. எனக்கு மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. வண்டி கொண்டுவருகிறவர்களிடம் வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன். போன் வந்தால் என் மனைவிதான் எடுப்பாள். அப்படிப்பட்டவனை டாக்டர் தினமும் காலையில் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தக் குழாய் போதுமா, இந்த வளைவு சரியா என்று கேட்பார். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் நிஜ அளவில் வண்டியை வரைந்துவிட்டு, “இதுல என்ன தப்பு, சொல்லு” என்பார். வீட்டுக்குப் போகும்போது ஆதம்பாக்கம் வரைக்கும் அந்தக் கேள்விகளையே நினைத்துக்கொண்டு ஓட்டுவேன். அந்த வருஷம் எனக்கு இருந்த நல்ல விஷயம் அந்த வண்டிதான். அது வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி கார் ஷெட் வைத்திருக்கிறான். கை சுத்தமான தொழிலாளி. பேச்சுக்காரன். அவன் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாரும் அவனைப் பார்த்துதான் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் அவன் மேல் தப்பு எதுவும் இல்லை. கார் இன்ஜின் உள்ளே போனால் அவன் உள்ளே வருவான். கார் இன்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

“இன்னா மாமா இதுல யோசன?” என்றான் மச்சான். “கார்னா கார் இன்ஜின். சாம்பார டம்ளர்ல ஊத்தி டீய தட்டுல ஊத்துனா நல்லாவா கீது?”

நான் பைக் இன்ஜினைப் பார்த்துக்கொண்டே டாக்டருக்குப் பதில் சொன்னேன். இரண்டு பேர் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. கியர்பாக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனியாக வேண்டாம். அந்தப் பழைய கார் இன்ஜினைவிட இதற்கு இழுவை அதிகம். வண்டி லேசாக இருந்தால்தான் டிராக்கில் வளையும். நான் அவ்வளவு நீளமாகப் பேசியதை மச்சான் அதற்கு முன் கேட்டதில்லை. வாயை மூடாமல் என்னையே பார்த்தான்.

எல்லாம் உண்மைதான். சொல்லாமல் விட்டதும் இருந்தது. பாண்டி பஜார் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் கருகிப் போய் என் ஷெட்டுக்கு வருகிற பைக்குகள் எத்தனை. ஒரு ஆளைச் சுமக்கிற கிளட்ச் ஒரு காரைச் சுமந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று நான் சொல்லவில்லை.

“ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமே” என்றார் டாக்டர்.

கார் இன்ஜின் தாத்தா இருமுவதுபோல இரண்டு தடவை இருமிவிட்டு, அப்புறம் ஒழுங்காக ஓடியது. பைக் இன்ஜினுக்கு ஒரு சின்ன சைலன்சரைப் பொருத்தி ஓடவிட்டேன். த்ராட்டிலைக் கொஞ்சம் திருகியதும் தகரக் கூரை அதிர்ந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாடியில் வீணை நின்றது. ஜன்னலைத் திறந்து மாமி எட்டிப் பார்த்தார்.

“பல்லைப் பிடுங்கறேளா, மலையைப் பிடுங்கறேளா?”

“அஞ்சு நிமிஷம்” என்றார் டாக்டர், கண்ணைத் திறக்காமலே. பிறகு என்னிடம், “இதுவே இருக்கட்டும்பா” என்றார்.

மச்சான் அவனுடைய இன்ஜினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது, “வெச்சிக்கோ மாமா. எங்கனா நின்னுச்சின்னா மட்டும் எனக்கு போன் போடாத” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அடுத்த ஆறு மாதம் நன்றாகப் போயிற்று. இருக்கைகளுக்குப் பின்னால் இன்ஜின், அங்கிருந்து செயின், பின் அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம். ஒன்றே ஒன்றுக்காக மட்டும் நான் நிறைய யோசித்தேன். பைக் வளைவில் திரும்பும்போது சாய்கிறது. அதனால் இன்ஜினுக்குள் எண்ணெய் அடியிலேயே தங்குகிறது. கார் சாயாது. அப்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். இன்ஜின் எண்ணெய் இல்லாமல் காய்ந்து போகும். இதை நான் ஒரு டம்ளர் தண்ணீரைச் சைக்கிள் கேரியரில் வைத்து உருட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். எண்ணெய்த் தொட்டிக்குள் தகட்டால் தடுப்புகள் வைத்தேன். டாக்டர் அந்தத் தடுப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “இதை யாருமே எனக்குச் சொல்லலையே” என்றார். அன்றைக்கு ஷெட்டை மூடிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டேன். சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் என் ஷெட்டில் ஒரு வாடிக்கையாளரின் பைக்கை வெளியே எடுத்தேன். அது சுவரைப் பார்த்து நின்றது. எல்லாரும் செய்வதுதான், ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உந்தி உந்திப் பின்னால் நகர்த்தினேன். பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டேன். இரண்டு காலும் தரையில் இருந்தன. குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தேன்.

பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. கால்தான் ரிவர்ஸ். டாக்டரின் வண்டியில் காலைத் தரைக்குக் கொண்டுபோக வழியில்லை.

முப்பது வருஷம் வண்டிகளோடு இருந்திருக்கிறேன். வளைவில் எண்ணெய் என்ன செய்யும் என்று டம்ளரை உருட்டிப் பார்த்தவனுக்கு, ஒரு கார் பின்னாலும் போக வேண்டும் என்பது தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க இரண்டு சக்கரத்தில் போனவர்கள். தோன்றக்கூடிய ஒரே ஆள் கோபித்துக்கொண்டு ஆதம்பாக்கத்தில் இருந்தான்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பின்பக்கத்தில்தான் இன்ஜின் வேலை என்பதால், கேட்டுப் பக்கம் வசதியாக இருக்கட்டுமென்று வண்டியின் பின்பக்கத்தைத் தெருவைப் பார்த்தும், மூக்கைக் கொல்லைச் சுவரைப் பார்த்தும் வைத்துக் கட்டியிருந்தோம். அந்த வண்டி செய்ய வேண்டிய முதல் காரியமே பின்னால் போவதுதான்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். டாக்டர் நடையில் இருக்கைக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தார். ஈறில் தையல் போடுகிற அதே வளைந்த ஊசியால். மாமி காபி கொண்டுவந்து திண்டாக அடுக்கியிருந்த செங்கல்மேல் வைத்தார்.

“விஜயதசமி அன்னிக்குத்தான் புதுக் குழந்தைகள் வீணையில கை வெக்கறது. இதுவும் அன்னிக்கே கெளம்பட்டும். எலுமிச்சம்பழம் நான் வாங்கி வெக்கறேன்” என்றார் மாமி. “ஆனா ஒண்ணு. புது வண்டி மொதல்ல முன்னாடிதான் உருளணும். பின்னாடி போகப்படாது.”

“முன்னாடி சுவர்னா இருக்கு? ரிவர்ஸ்ல எடுத்துத்தான் ஆகணும்” என்றார் டாக்டர், ஊசியைப் பார்த்துக்கொண்டே.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த ஆத்துல எந்த வண்டியும் பின்னாடி கெளம்பினதில்லே.”

“இந்த ஆத்துல ஏது வண்டி? ஒரு ஸ்கூட்டர்.”

“அது முன்னாடிதானே கெளம்பித்து?”

நான் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். சொல்லவில்லை.

பத்து நாள் அப்படிப் போயிற்று. தினமும் போவேன். ஒயரிங் செய்வேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கார் இன்ஜினில் ரிவர்ஸ் கூடவே வருகிறது. டாக்டர் மச்சானைக் கூப்பிடச் சொல்வார். அவன் வருவான். சொல்லாவிட்டால் விஜயதசமி அன்றைக்கு வீட்டில் எல்லாரும் நிற்க, டாக்டர் கியர் லிவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். இரண்டில் எது மேல் என்று பத்து நாள் யோசிக்கிற அளவுக்கு எனக்கு அந்த வண்டி மேல் ஆசை இருந்தது. இதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பதினோராம் நாள் சாயங்காலம் கிளினிக் பக்கமாகப் போனேன். நடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. வண்டியைப் பார்த்தால் வாய் வராது. நோயாளிகள் போன பிறகு முன்னறை வாசலில், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கூச்சமாக இருந்தால் என் கை தானாக அங்கே போய்விடும்.

“எத்தனை நாளா வலி?” என்றார் டாக்டர்.

“வலி இல்லைங்க டாக்டர்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. ஏறி உக்காரு.”

உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு முகத்துக்கு மேல் வந்தது. வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டு, “அடப்பாவி, கீழ் கடவாய்ல பெரிய ஓட்டை போட்டுண்டிருக்கியே. இதோட எப்படித் தின்னறே?” என்றார். நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். “பேசாதே” என்றார். அரைமணி நேரம் வாயைத் திறந்தபடியே கிடந்தேன். அவர் பல்லைச் சுத்தம் செய்துகொண்டே வண்டியைப் பற்றிப் பேசினார். விஜயதசமிக்குத் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் அடையாறிலிருந்து வருகிறார்கள். ரேஸ் டிராக்கில் விசாரித்தாயிற்று. வண்டிக்கு மஞ்சள் பெயின்டா சிவப்பா? நான் எதற்கும் பதில் சொல்ல முடியாது. என் பல்லில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதைப் பத்து நாள் அடைத்து வைத்தவனுக்கு, சொல்ல முடியாமல் வாயைத் திறந்து கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

“கொப்புளி” என்றார்.

கொப்புளித்தேன். தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“டாக்டர், அந்த வண்டிக்கு ரிவர்ஸ் இல்லை.”

கையில் கண்ணாடியோடு அப்படியே நின்றார்.

“இல்லைன்னா?”

“பைக் கியர்பாக்ஸ்ல ரிவர்ஸ் கிடையாது. நான் மறந்துட்டேன்.”

அவர் சுழல் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு தன் செருப்புக் காலை எடுத்துத் தரையில் வைத்து ஒரு உந்து உந்தினார். முக்காலி பின்னால் ஓரடி உருண்டது.

“ஆமாம்” என்றார். “இப்படித்தானே போறோம்.”

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் போட்ட ஊசியில் வாய் மரத்துப் போயிருந்தது. அதில் ஒரு தைரியம் இருந்தது. “இன்னொண்ணும் இருக்கு டாக்டர். கிளட்ச் ரொம்ப நாள் தாங்காது. அது எனக்கு அன்னிக்கே தெரியும். கார் இன்ஜின் வந்தா மச்சான் வந்துடுவான், எனக்கு இங்க வேலை இல்லாம போயிடும்னு சொல்லாம விட்டேன்.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். “நானும் ஒண்ணு சொல்லலே” என்றார். “நீ சொன்ன காரணம் எதையும் நான் சரியாக் கேக்கலே. அந்தச் சத்தம் பிடிச்சிருந்தது. அதுக்காகத்தான் சரின்னேன்.”

உள் வாசலில் மாமி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. “ரெண்டு பேருமா சேர்ந்து என் வீணைக்கு வெச்ச வேட்டுன்னு சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மச்சானுக்கு நானே போன் செய்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். வந்தவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பற்றவைத்த இடங்களையெல்லாம் கட்டைவிரலால் தடவினான். அப்புறம் கியர் லிவரைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டான்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. முன்னாடி போறதுக்கு ஆறு கியரு. பின்னாடி போறதுக்கு இன்னா மாமா, அக்காவ கூப்புடுவியா?”

டாக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு, “உன் இன்ஜினை இதுல வெக்க முடியுமா?” என்று கேட்டார்.

மச்சான் சாணால் அளந்தான். “வெக்கலாம் டாக்டரே. பின்னாடி பாதிய அறுத்துக் கடாசிட்டு வேற கட்டணும். பொங்கல் தாண்டிடும். கனமும் ஏறும்.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: “மாமா வெல்டிங் நல்லா வெச்சிக்கினு கீறாரு. அறுக்க மனசு வரல.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. இந்தத் தடவை யாருக்காகவும் இல்லாம சொல்லு.”

அன்று நான் நிஜமாகவே யோசித்தேன். இந்த வண்டி தினமும் பாண்டி பஜாருக்குப் போகிற வண்டி என்றால் கார் இன்ஜின்தான் சரி; அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இது மாடவீதியைக்கூடத் தாண்டாது. டிராக்கில் நாலு சுற்று. நின்று நின்று ஊர்கிற வேலை இல்லாததால் கிளட்ச் ஓரளவு தாங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், அது எனக்கு ஒரு சாயங்கால வேலை. லேசாக இருப்பதுதான் இதற்கு முக்கியம். எனக்கே நான் சாதகமாகப் பேசுகிறேனோ என்று இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே பதில்தான் வந்தது.

“பைக் இன்ஜினே இருக்கட்டும்” என்றேன். “ஆனா ரிவர்ஸ் இல்லாம இருக்கக் கூடாது. அதை எனக்குச் செய்யத் தெரியாது. மச்சானுக்குத் தெரியும்.”

மச்சான் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். வண்டி எங்களுக்கு நடுவில் இருந்தும் அதைப் பார்க்கவில்லை.

“ஸ்டார்ட்டர் மோட்டார பின் அச்சுல கடிக்கிற மாதிரி மாட்டணும். சுச்சு போட்டா பின்னாடி உருட்டும்” என்றான். “என் இன்ஜின்லயே நல்ல மோட்டார் கீது.” பிறகு தலையை ஆட்டிக்கொண்டான். “இன்ஜின் வேணாவாம், அதோட மோட்டார் மட்டும் வேணுமாம். நல்லா கீதுப்பா உங்க நியாயம்.”

அது விஜயதசமிக்குள் முடியாது என்றும் சொன்னான். பல்சக்கரம் ஒன்று கடைசல் பட்டறைக்குப் போய் வர வேண்டும்.

மாமி நாளை மாற்ற மாட்டேன் என்றார். சக்கரம் முதலில் பின்னால் உருளக் கூடாது என்பதையும் மாற்ற மாட்டேன் என்றார். நடையின் அகலத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. நாங்கள் மூன்று பேரும் வாசற்படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தோம். மாமியே ஒரு வழி சொன்னார்.

“உருளத்தானே கூடாது? தூக்கிண்டு போனா யார் என்ன சொல்லப்போறா? சுவாமியைத் தூக்கிண்டு போறா, அவர் பின்னாடி வந்தாரா முன்னாடி வந்தாரான்னு யாராவது கேக்கறாளா?”

மாடவீதியில் சுவாமி தூக்குகிறவர்களில் இரண்டு பேர் என் ஷெட்டின் வாடிக்கையாளர்கள். கேட்டேன். அவர்கள் இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆயுத பூஜை அன்று என் ஸ்பேனர்களோடு மச்சானின் ஸ்பேனர்களும் அந்த வண்டியின் மூக்கின் மேல் வரிசையாகப் படுத்திருந்தன, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு. மறுநாள் காலையில் பந்தல்காரரிடம் வாங்கிய இரண்டு பெரிய மூங்கில்களை வண்டியின் அடியில் நீளவாக்கில் செருகிக் கயிறு கட்டினார்கள். பக்கவாட்டில் நிற்க இடமில்லை. முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எட்டுப் பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். வண்டி தரையிலிருந்து கிளம்பியது. சக்கரங்கள் சும்மா தொங்கின.

“கனமா?” என்று டாக்டர் கவலையோடு கேட்டார்.

“சாமி இதவிட கனம் சார்” என்றார் முன்னால் நின்றவர்.

மச்சான் என் காதருகில் வந்து, “என் இன்ஜினா இருந்தா மூங்கிலே முறிஞ்சிருக்கும், அதானே சொல்லப் போற?” என்றான்.

கேட்டைத் தாண்டி, சந்தில் தோளில் வைத்தபடியே திருப்பி, மாடவீதியைப் பார்த்தபடி இறக்கினார்கள். மாமி நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். மாடியில் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் வேட்டியை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். சந்து முழுக்க அந்தச் சத்தம். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி முன்னால் போனது; நடக்கிற வேகத்தில், பிறகு ஓடுகிற வேகத்தில், சந்தின் முனை வரைக்கும். பூக்காரம்மாவின் கூடைக்கு நாலடி முன்னால் நின்றது. அதற்கு மேல் மாடவீதி. அதற்கு மேல் போகக் கூடாது.

சத்தம் நின்றது. டாக்டர் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

எல்லாரும் மறந்து போயிருந்தோம். போன வண்டி திரும்பி வர வேண்டும். சுவாமி தூக்குகிறவர்கள் காபி குடிக்க மாடவீதிப் பக்கம் போய்விட்டார்கள். நான் ஓடிப்போய் வண்டியின் முன்னால் நின்று, மூக்கில் இரண்டு கையையும் வைத்தேன்.

“டாக்டரே, நியூட்ரல்ல போட்டுட்டு உக்காருங்க” என்று பின்னாலிருந்து மச்சான் கத்தினான். “ரிவர்ஸு வந்துகினு கீது.”

தள்ளினேன். வண்டி லேசாக நகர்ந்தது. முன்னாலிருந்து தள்ளும்போது ஓட்டுகிறவர் முகம் நேருக்கு நேராக இருக்கிறது. வேறு எங்கும் பார்க்க முடிவதில்லை. டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சந்தின் நீளம் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தேன். கேட்டருகில் வந்ததும் கேட்டார்.

“சுவர்ல இடிக்கறதா பாரு.”

“இல்ல டாக்டர். இன்னும் ஒரு சாண் இருக்கு. நேரா வாங்க.”